சிறுபிள்ளைகள் பட்டியல்

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் சபையிலிருந்து வீட்டுக்கு ஒரு பரிசு வரும். அதைப் பார்த்தாலே அம்பிகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வருஷம் கலர் பென்சில் டப்பா. ஒரு வருஷம் முயல் படம் போட்ட தண்ணீர் பாட்டில். போன வருஷம் டிபன் பாக்ஸ், அதன் மூடியில் ஒரு யானைக்குட்டி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் அவள் தம்பி அறிவரசனுக்கு. அறிவரசனுக்கு வயது முப்பத்திமூன்று. வாரம் ஒரு தடவை அம்பிகாதான் அவனுக்கு ஷேவ் செய்து மீசையை ஒதுக்கிவிடுவாள். காதோரம் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அந்த ஆளுக்கு முயல் பாட்டில்.

சபையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அட்டை உண்டு. மேல் பாதியில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் பெயர். கீழ்ப் பாதியில் சிறுபிள்ளைகள் பெயர். கீழ்ப் பாதியைப் பார்த்துத்தான் பரிசு வாங்குவார்கள். அம்மா பாப்பாத்தியின் பெயர் மேலே இருக்கிறது. அம்பிகாவின் பெயரும் மேலேதான். பதிமூன்று வயதில் பத்துக் கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு, வேப்பந்தட்டை ரோட்டில் ஒரு பம்புசெட் தொட்டியில் முங்கி எழுந்தவள் அவள். அந்தப் பத்துப் பதிலில் ஒன்றுக்காவது அப்போது அர்த்தம் தெரியுமா என்று கேட்டால் தெரியாது. அதை யாரும் கேட்கவும் இல்லை.

அவர்கள் சபையில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் கிடையாது. நல்லது கெட்டது தெரிந்து, செய்த தப்பைத் தானே உணர்கிற வயது ஒன்று மனுஷனுக்கு வரும். அந்த வயது வந்த பிறகு அவனாகக் கேட்டு முங்க வேண்டும். அதுவரைக்கும் கடவுள் அவனுக்குப் பாவக் கணக்கு வைப்பதில்லை, செத்தால் நேரே பரலோகம். முங்கியவர்களுக்கு மட்டும்தான் மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சை ரசமும். அறிவரசனுக்கு அந்த வயது வரவில்லை, இனிமேல் வரவும் வராது என்று யாரோ எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள். யார் என்று அம்பிகா கேட்டதில்லை. பாஸ்டர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம், தகர ஷீட் போட்ட ஹால் அது. கடைசி வரிசையில் ஃபேன் எட்டாத இரண்டு நாற்காலிகள் அக்காவுக்கும் தம்பிக்கும். அம்பிகா, சாமி கும்பிடுகிற குழந்தைவேலைக் காதலித்துக் கட்டிக்கொண்டதிலிருந்து அப்பத் தட்டு அவளையும் தாண்டித்தான் போகும். அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். தம்பி விஷயம் அப்படி விடக்கூடியதாக இல்லை.

இத்தனை வருஷம் அதிலும் தொந்தரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தட்டு தாண்டிப்போகும்போது அவன் பாட்டுக்கு ஜன்னல் வழியாக ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பான். கூட்டம் முடிந்ததும் பேக்கரியில் ஒரு கிரீம் பன் வாங்கிக் கொடுப்பாள். கிரீமை முதலில் நக்கிவிட்டு, பன்னைப் பிறகு தின்பான். விஷயம் முடிந்தது. இந்த வருஷம் பிப்ரவரியில்தான் ஏழரை ஆரம்பித்தது. தட்டு வந்ததும் அறிவரசன் கையை நீட்டினான்.

பாஸ்டர் ஒவ்வொரு மாதமும் தட்டை எடுக்குமுன் ஒரே வாசகத்தைச் சொல்வார். "தப்பு பண்ணிட்டு, மன்னிப்பு வேணும்னு மனசுல பாரத்தோட வந்திருக்கிறவங்க கையை நீட்டுங்க." அதைச் சொல்லி முடித்ததும் அறிவரசனின் கை நீளும். தட்டைக் கொண்டுவரும் சபை மூப்பர் ராசாங்கம் அந்தக் கையைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போவார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்; டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற அதே பார்வை. அம்பிகா தம்பியின் கையைப் பிடித்து மடியில் வைப்பாள். மார்ச்சிலும் நீட்டினான். ஏப்ரலிலும் நீட்டினான். பசிக்கிறது என்று நினைத்து, பன் இரண்டாக ஆனது. அவன் இரண்டையும் தொடவில்லை. சட்டைப் பையில் வைத்து நசுக்கி, கிரீமெல்லாம் பையில் அப்பி, அதைத் துவைக்கிற வேலை வேறு அவள் தலையில் விழுந்தது.

"என்னதான்டா வேணும் உனக்கு?" என்று கேட்டால், "அது" என்பான்.

"பன்னு நல்லா இருக்கும்டா."

"அது."

பிப்ரவரியிலிருந்து எட்டு மாதமாக பாஸ்டரிடம் போய் நின்றாள். "கேக்குறான்ல பாஸ்டர், முக்கிருங்களேன்" என்பாள். அவர், "ஜெபம் பண்ணுவோம் சிஸ்டர்" என்பார். அத்தனை ஜெபத்துக்கு ஒரு போர்வெல்லே தண்ணீர் காட்டியிருக்கும்.

அக்டோபர் முதல் ஞாயிறு அது நடந்தது. ராசாங்கம் தட்டோடு கடைசி வரிசைக்கு வந்தார். அறிவரசன் கையை நீட்டினான். அவர் தாண்டினார். அவன் எழுந்து, அவர் முழங்கைக்குக் கீழே கையை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"துப்புடா" என்றார் ராசாங்கம். அவன் வாயை இறுக்க மூடிக்கொண்டான். அவர் ஒரு கையால் அவன் தாடையைப் பிடிக்கப் போக, இன்னொரு கையிலிருந்த தட்டு சரிந்து ஏழெட்டுத் துண்டுகள் தரையில் சிதறின. முன்வரிசைப் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்த்தார்கள். கீபோர்டு வாசிப்பவன் கையை எடுத்துவிட்டான். அறிவரசன் கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினான். பிறகு உட்கார்ந்து, கையைத் தானே மடியில் வைத்துக்கொண்டான்.

கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் ரூமில் பஞ்சாயத்து. பாஸ்டர் மேஜைக்குப் பின்னால், ராசாங்கம் கதவோரம், அம்பிகா நடுவில். அறிவரசன் வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தான். பாப்பாத்தி அவன் பக்கத்தில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"மூணு மாசத்துக்கு அவன சபைக்குக் கூட்டிட்டு வராதீங்க சிஸ்டர்" என்றார் ராசாங்கம். "பரிசுத்தமான தட்டு அது. அதுல கைய வைக்கிறது சின்னப் பாவம் இல்ல. நாளைக்கு நாலு பேரு பாத்து நாலு விதமா பேசுவாங்க."

அம்பிகா அவ்வளவு நேரம் பொறுமையாகத்தான் இருந்தாள். பொறுமையாக இருக்க வேண்டும் என்று ஹாலிலிருந்து ரூமுக்கு வரும்வரை தனக்குள் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். பாவம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எல்லாம் போய்விட்டது.

"என்னண்ணே சொன்னீங்க? பாவமா?"

"பின்ன?"

"அவன் சின்னப் பிள்ள, நல்லது கெட்டது தெரியாது, கணக்கு கிடையாதுன்னு சொன்னது நீங்கதான? அதனாலதான முக்க மாட்டேங்கிறீங்க? அப்ப அவன் பண்ணது எப்படிப் பாவமாகும்? கைக்குழந்தை உங்க மடியில ஒண்ணுக்கு இருந்தா மூணு மாசம் தள்ளி வைப்பீங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா சிஸ்டர்..."

"ஒண்ணு இல்லன்னா, அப்ப அவன் தெரிஞ்சுதான் பண்ணியிருக்கான். தெரிஞ்சு பண்ணினா அவனுக்கு வயசு வந்தாச்சு. நாளைக்கே தொட்டியில தண்ணிய விடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே. திட்டுறதுக்கு மட்டும் பெரிய ஆளு, திங்கிறதுக்குச் சின்னப் பிள்ளையா? தண்டனைக்கு வயசு வந்துருச்சு, மன்னிப்புக்கு வயசு வரலையா?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷன்தான், யாரையும் நோகடிக்க மாட்டார். அந்த நல்ல குணம்தான் எட்டு மாதமாக அவள் உயிரை எடுக்கிறது.

"சிஸ்டர், நீங்க கேக்குறது நியாயம்" என்றார். "ஆனா நீங்க தப்பான ஆள்கிட்ட கேக்குறீங்க."

"வேற யார்கிட்ட கேக்கணும்?"

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நான் இந்தச் சபைக்கு வந்த வருஷமே அம்மாகிட்ட கேட்டேன். கேள்வி பதில் எல்லாம் வேணாம், அறிவுக்கு விருப்பம் இருந்தா முக்கிருவோம், அவனுக்குத் தெரிஞ்ச அளவு போதும்னு சொன்னேன். அம்மாதான் வேணாம்னுட்டாங்க. என் கால்ல விழாத குறை. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் கேட்டுக்கிட்டாங்க. இப்ப சொல்லிட்டேன்."

அம்பிகா திரும்பி வாசலைப் பார்த்தாள். பாப்பாத்தி அவசரமாக மகனின் தோளைப் பிடித்துத் திருப்பி, ரோட்டைப் பார்க்க நடந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் குழந்தைவேல் கறி நறுக்கிக்கொண்டிருந்தான். அரியலூரிலிருந்து சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் இருப்பான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "எங்க கோயில்ல வரிசையில நிக்கிற எல்லாருக்கும்தான் பொங்கல் குடுக்குறாங்க. வயசு சர்ட்டிபிகேட் எவனும் கேக்கல" என்றான். "நீ ஒருத்தன்தான் பாக்கி, சும்மா இரு" என்று அவள் எரிந்து விழுந்ததும் கறியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். புத்திசாலி.

பாப்பாத்தி தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இடது கை பூண்டைப் பிடிக்கத்தான் உதவும். அந்த மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. பொங்கல் வாரத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து உடைத்துக்கொண்ட கை. அன்றைக்கு அம்பிகா லைனிங் துணி வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவிட்டு, நேரே வீட்டு ஓனர் மாயவனிடம் போய், பாசி பிடித்த தரையைக் காட்டி அவரைக் கிழிகிழியென்று கிழித்தாள். அவர் ஆள் வைத்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அவள் தன் பங்குக்குப் பச்சை ரப்பர் மேட் ஒன்று வாங்கிப் போட்டாள். அதில் நிற்காமல் அம்மா இன்னமும் வெறும் தரையில்தான் நிற்கிறாள். சொல்லிச் சொல்லி அம்பிகாவின் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"ஏன்மா வேணாம்னு சொன்ன?"

பாப்பாத்தி பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன்னத்தான்மா. எட்டு மாசமா அந்த மனுஷன்கிட்ட நான் நாயா அலையறேன். நீ பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்க. சொல்லு, ஏன்?"

"அவன் சின்னவனாவே இருக்கட்டும்."

"அவனுக்கு முப்பத்திமூணு வயசும்மா."

"எனக்குத் தெரியாதா அவன் வயசு?" என்றாள் பாப்பாத்தி. பிறகு பூண்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "உனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான். தெரியுமா உனக்கு?"

அம்பிகாவுக்குத் தெரியாது. நாற்பத்தோரு வயதில், தனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று முதல் தடவையாகக் கேட்கிறாள். மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"செந்துறைப் பக்கம் அப்ப இருந்தோம். உங்க அப்பா வழியில எல்லாரும் பழைய வேதக்கோயில்தான். அங்க பொறந்த குழந்தைக்கே தண்ணி தெளிச்சிருவாங்க. ஞானஸ்நானம் குடுக்குற ஐயரு அரியலூர்லருந்து மாசம் ஒரு தடவ வருவாரு. வர்ற ஞாயித்துக்கெழம வருவாருன்னு புதுச் சட்டையெல்லாம் தெச்சு வெச்சிருந்தேன். வெள்ளிக்கெழம காலையில பிள்ளைக்குக் காய்ச்சல். அவசரத்துக்கு, ஐயரு இல்லாதப்ப ஜெபம் நடத்துற உபதேசியாரே தெளிக்கலாமாம். அவரு ஜெயங்கொண்டத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. மத்தியானம் பிள்ள போயிருச்சு."

அவள் வலது கையால் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"கல்லறைத் தோட்டத்துக்குள்ள இடம் குடுக்கல. தண்ணி படாத பிள்ளையாம். வேலிக்கு வெளிய கருவேல மரத்தடியில பொதைச்சாங்க. மணி அடிக்கல. எம் பிள்ள எங்க போயிருக்கும்னு உபதேசியாரக் கேட்டேன். அது ஆண்டவருக்குத்தான் தெரியும்னுட்டாரு. ஒம்பது நாள் பிள்ள அம்பிகா. பால் குடிச்சது தவிர என்ன பண்ணிச்சு அது?"

அம்பிகா ஸ்டூலை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் பெரம்பலூர்ல ஒரு கன்வென்ஷன் கூட்டம். உங்க அப்பாவோட சும்மா வேடிக்கை பாக்கத்தான் போனேன். அங்க ஒருத்தரு மைக்குல சொன்னாரு, நல்லது கெட்டது தெரியாத பிள்ளைங்களுக்குக் கணக்கு இல்ல, நேரா அவரு மடிக்குத்தான் போகும்னு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இந்தச் சபைக்கு வந்தேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. உங்க ரெண்டு பேரு தலையிலயும் ஒரு சொட்டுத் தண்ணி விட விடல நான். அறிவு இப்படின்னு டாக்டர் சொன்னப்ப எல்லாரும் அழுதாங்க. நான் அழுதுட்டு, அப்புறம் நெனச்சேன், இவனுக்கு என்னைக்குமே கணக்கு கிடையாது, இவன் எங்க போவான்னு நான் யாரையும் கேக்க வேண்டியதில்லன்னு. இப்ப நீ அவன முக்கணும்ங்கிற. முக்கினா அன்னையிலருந்து அவன் பண்றது எல்லாம் கணக்குல ஏறும். நான் செத்தப்புறம் யாரு பாத்துக்குவா? அவனுக்குக் கோவம் வருது, கையி..."

"கையி என்ன?"

"ஒண்ணும் இல்ல" என்று பாப்பாத்தி தட்டை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள்.

அம்பிகாவுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முதலில் வாய்க்கு வந்தது. "அதுக்காக அவன் சாகுற வரைக்கும் முயல் பாட்டில்ல தண்ணி குடிக்கணுமாம்மா? அவன் வேணும்னு கேக்குறான். வாய விட்டுக் கேக்குற ஒரே விஷயம் அதுதான். உன் பயத்துக்கு அவன் என்ன பண்ணுவான்?"

"பெத்தவளுக்குத்தான் தெரியும்" என்றாள் பாப்பாத்தி. அம்பிகாவுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு பேரும் அத்தோடு பேச்சை நிறுத்தினார்கள். குழம்பு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு மாதிரியே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் பாஸ்டர் அவர்கள் வீட்டில் ஜெபம் நடத்த வந்தார், ராசாங்கத்தையும் கூட்டிக்கொண்டு. கையில் அந்தக் குடும்ப அட்டை. அம்பிகா டீ போட்டு, ஒரு தட்டில் பிஸ்கட்டும் கிரீம் பன்னும் வைத்தாள். அறிவரசன் பாய் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஊதா சட்டை போடச் சொன்னால் மாட்டேன் என்று பழைய நீலச் சட்டையோடுதான் உட்கார்ந்திருந்தான். அதற்காக ஒரு அரைமணி நேரம் மல்லுக்கட்டியதில் அம்பிகாவுக்கு ஏற்கெனவே தலைவலி. பாப்பாத்தி அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

ஜெபம் முடிந்தது. பாஸ்டர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா வேணாம்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா ஒரு விஷயம் மட்டும் அறிவுகிட்ட கேக்கணும்" என்றார். அவன் பக்கம் திரும்பினார். "அறிவு, அன்னைக்கு ஏன்ப்பா அப்பத்த எடுத்த? பசியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

அறிவரசன் முதுகை நிமிர்த்தினான். பாஸ்டர் மைக்கில் பேசுகிற அதே ராகத்தில், அதே இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னான்: "தப்பு பண்ணிட்டு, மன்னிப்பு வேணும்னு, மனசுல பாரத்தோட வந்திருக்கிறவங்க, கையை நீட்டுங்க." ராசாங்கம்கூடச் சிரித்துவிட்டார். அறிவரசன் சிரிக்கவில்லை. "நீட்டினேன். நெறைய தடவ நீட்டினேன். இவரு குடுக்கல."

ராசாங்கத்தின் சிரிப்பு நின்றது. பாஸ்டர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "நீ என்ன தப்புப்பா பண்ணின?"

"பாஸ்டர், டீ ஆறுது" என்றாள் பாப்பாத்தி.

அறிவரசன் அம்மாவின் இடது கையைப் பார்த்தான். "பொங்கலுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டாங்க. பாக்கணும்னு சொன்னேன். அம்மா கேட்டைப் பூட்டுச்சு. தள்ளினேன். விழுந்துச்சு. கையில டக்குனு சத்தம் வந்துச்சு."

"இல்ல பாஸ்டர்" என்றாள் பாப்பாத்தி. வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்தன. "பாத்ரூம்ல வழுக்கித்தான் விழுந்தேன். பாசி. அம்பிகா பாத்தா, வூட்டு ஓனரு பாத்தாரு. இவன் எதையோ நெனச்சுக்கிட்டுப் பேசுறான். இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"வழுக்கல" என்றான் அறிவரசன்.

அம்பிகா பாத்ரூம் வாசலில் கிடந்த பச்சை மேட்டைப் பார்த்தாள். பாவம் அந்த மாயவன். பாவம் அந்த பிளீச்சிங் பவுடர். இத்தனை மாதமாகத் தான் யார் யாரோடோ சண்டை போட்டது எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது, ஒன்றுகூட சரியான ஆளோடு இல்லை.

"நீ ஒண்ணும் பண்ணலடா தங்கம். நீ சின்னப் பிள்ள" என்று பாப்பாத்தி அவன் முழங்காலைத் தட்டினாள்.

"பண்ணினேன்." அவன் குரல் உயர்ந்தது. "சாரி சொன்னேன். ஒண்ணும் பண்ணலன்னு சொல்லுது. தெனமும் சொன்னேன். தெனமும் ஒண்ணும் பண்ணலன்னு சொல்லுது." அவன் நீலச் சட்டையின் நடுவில் கையை வைத்து அழுத்தினான். "இங்க இருக்கு பாஸ்டர். போகவே மாட்டேங்குது."

ராத்திரி அம்பிகா படுக்கும்போது உள் ரூமிலிருந்து "சாரிம்மா, சாரிம்மா" என்று கேட்கும். எத்தனை தடவை, "சனியனே, வாய மூடிக்கிட்டுத் தூங்கு" என்று அவள் கத்தியிருக்கிறாள். பசி என்று நினைத்து பன் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். நெஞ்சில் இப்படி ஒரு கல்லை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி கிரீமை நக்குவான்?

பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்பிகா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். இது அவர் சொல்ல வேண்டியது இல்லை. அவள் சொல்ல வேண்டியதும் இல்லை.

பாப்பாத்தி மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரைத்த காதோரத்தைப் பார்த்தாள், நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பெரிய கையைப் பார்த்தாள். கருவேல மரத்தடியிலிருந்து அவளைத் தூக்கி நிறுத்திய 'கணக்கு இல்லை' என்ற அந்த ஒரே வார்த்தையை அவள் கைவிட வேண்டியிருந்தது. எவ்வளவு பயந்தாள் என்பது அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"வலிச்சுதுடா" என்றாள்.

அறிவரசன் நிமிர்ந்து பார்த்தான்.

"ரொம்ப வலிச்சுது. இன்னமும் வலிக்குது. நீதான் தள்ளின."

"ஆமா" என்றான்.

"பெத்த தாயத் தள்ளலாமாடா?"

"தள்ளக் கூடாது. சாரிம்மா."

"மன்னிச்சுட்டேன்" என்றாள் பாப்பாத்தி. முழுதாகத் திரும்பாத அந்தக் கையைத் தூக்கி அவன் தலையில் வைத்தாள். "மன்னிச்சுட்டேன்டா. கேட்டுச்சா?"

அவன் தலையாட்டினான். நெஞ்சிலிருந்து கையை எடுத்தான். எடுத்து உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தான். பிறகு தட்டை நோக்கிக் கையை நீட்டி, கிரீம் பன்னை எடுத்து, ஓரத்தில் வழிந்த கிரீமை முதலில் நக்கினான். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் தின்கிற முதல் பன். அம்பிகா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பினாள்.

"பாஸ்டர், அந்த அட்டைய எடுங்க" என்றாள் பாப்பாத்தி.

பாஸ்டர் அட்டையை எடுத்தார். பேனாவைத் தேடினார், சட்டைப் பையில் இல்லை. ராசாங்கம் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார். அவர் அறிவரசனைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார்.

"அவன முக்கிருங்க. கீழ இருக்கிற பேர அடிச்சிட்டு மேல எழுதுங்க. என் பேருக்குப் பக்கத்துலயே எழுதுங்க" என்றாள். "அறிவரசன். வயசு முப்பத்திமூணு."